நிழலில் காய்ந்த முருங்கை

— டாக்டரம்மாகிட்ட ஒரு பொய் சொல்லிப்போட்டேன் ஹரிதா.

— என்ன பொய்ம்மா?

— நாட்டு மருந்து ஏதாச்சும் குடுக்கறீங்களான்னு கேட்டாங்கல்ல? இல்லீங்கன்னுட்டேன்.

— அப்பாவுக்கு என்ன குடுத்த? இத்தனை கீமோ போட்டும் கட்டி சுருங்கலைன்னு உள்ள ஸ்கேனையே பாத்துட்டு இருக்கறாங்க. மறைக்காம சொல்லு.

— கெட்டது ஒண்ணுங் குடுக்கல கண்ணு. முருங்கைத் தழைதான்.

— பொரியலா?

— பொரியல் இல்ல. உன்ற ஆராய்ச்சிக்குன்னு நம்ம தாராபுரத்துத் தோட்டத்துல பறிச்சு, நெழல்ல காயவெச்சு, கோயமுத்தூர்ல உன்ற லேபுக்குப் பார்சல் போடறனல்ல, அதுல பாதிய எடுத்து வெச்சுக்குவேன். நீ சொன்ன பக்குவந்தான். பொடி பண்ணி, காய்ச்சி, வடிகட்டி, திக்கா சுண்டவெச்சு.

— எப்ப இருந்து?

— மொத கீமோ போட்டு ஊட்டுக்குக் கூட்டியாந்த அன்னிக்கே. காத்தால ஒரு டம்ளர், பொழுதோட ஒரு டம்ளர்.

— கேக்காம எதுவும் குடுக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்கம்மா.

— அவங்களுக்கு ஆயிரம் பேரு. எனக்கு இவரு ஒருத்தர்தான். பக்கத்துப் பெட்டுக்காரருக்குச் சோறே எறங்கல. உங்கப்பா இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிடறாரு. மருந்து அவரை ஒண்ணுமே பண்ணலைன்னு நான் எத்தனை சந்தோசப்பட்டேன் தெரியுமா?

— கட்டியவும் ஒண்ணும் பண்ணலையேம்மா.

— அதுக்கும் இதுக்கும் என்ன? பொங்க நோம்பிக்கு வந்தப்ப உன்ற லேபுல எடுத்த படத்தை நீதான போன்ல காட்டுன? விஷத்தை ஊத்துனா செல்லு பூராவும் செத்துப்போவுது, நம்ம முருங்கைச் சாத்தை மொதல்ல குடுத்தா ஜம்முனு பொழச்சுக்குதுன்னு. உங்கப்பா முகத்துல அன்னிக்குத்தான் சிரிப்பையே பாத்தேன்.

— காட்டுனேன்.

— அப்பறம் ஏங்கண்ணு எந்திரிச்சுட்ட? எனக்கு வெசனமா இருக்குது. என்னன்னு சொல்லு.

— கீமோவும் செல்லுக்கு அந்த விஷம் மாதிரித்தாம்மா. கட்டி சுருங்காதது இதுனாலதானான்னு எனக்குத் தெரியல. வா, உள்ள போயி டாக்டர்கிட்டச் சொல்லிரலாம்.

— இரு, இரு. நீ காட்டுனது மனுச செல்லுதான?

— மனுச செல்லுதான்.

— பின்ன எதுக்குப் பயப்படற? மனுசனைத்தான காப்பாத்துச்சு?

— லேபுல வளக்கறதுக்கு ஓயாம பெருகிட்டே இருக்கற செல்லாத்தான் வாங்குவோம். அன்னிக்கு நம்ம முருங்கை காப்பாத்துனது பூராவும் புத்துநோய்க் கட்டியில இருந்து எடுத்த செல்லும்மா.