ஆளுக்கொரு பூட்டு

— மறுபடியும் அழிக்கணுமா? சின்னதுரை அண்ணாச்சி, கடையத் திறந்ததுல இருந்து உங்க ஒரு பவர் பத்திரத்தத்தான் அடிச்சு அடிச்சு அழிச்சிட்டு இருக்கேன். வெளிய ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. நான் மத்தவங்க பத்திரத்தையும் எழுதணும்ல.

— அழிக்காம என்னா பண்ணுவீங்க செந்தில்நாதன் சார்? கட்டுன புருசன் நான் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கினு இருக்கறன். அந்தப் பேப்பர்ல எம்பேரு எங்கனா இருக்குதா பாருங்க.

— வடக்குத்து ஊர்ல இருக்கற வீடு கஸ்தூரியம்மா பேர்ல இருக்கு அண்ணாச்சி. எழுதிக் கொடுக்கறது அவங்க. அவங்க யாரச் சொல்றாங்களோ அவங்களத்தான் நான் முகவராப் போட முடியும். அம்மா, கடைசியாக் கேக்கறேன், சொல்லுங்க.

— பையன் அறிவழகனும் பொண்ணு சங்கீதாவும். ரெண்டு பேரும் சேந்து. அப்பவே சொன்னதுதான் சார்.

— சேந்துன்னா என்னன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா? வாடகைக்கு விடணும்னாலும் சரி, விக்கணும்னாலும் சரி, ரெண்டு கையெழுத்தும் விழணும். ஒருத்தர் மட்டும் வந்து நின்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. 'சேர்ந்தோ தனித்தோ'ன்னு ஒரு வார்த்த போட்டுட்டா யாராவது ஒருத்தர் போதும். உங்களுக்கும் லேசு.

— லேசா இருக்க வேணாம் சார்.

— கேட்டுக்கினீங்களா? இவகிட்டதான் நான் குப்ப கொட்டறன். வர்ற வாரம் பாண்டிச்சேரியில நெஞ்சத் தொறந்து வால்வு மாத்தப் போறாங்க. எத்தினி நாளு படுத்துக்கினு கெடப்பாளோ. வூட்டு வரி, கரண்டு பில்லு, மாடி வாடக, எல்லாத்துக்கும் ஓடறதுக்கு ஒரு ஆளு வேணும்னுதான இந்தப் பவரே. ஓடற நேரத்துல அந்த ரெண்டுங்களயும் நான் எங்க போயி சேத்து வக்கறது?

— அண்ணன் தங்கச்சிக்குள்ள அவ்வளவு ஆகாதா?

— எங்க வூட்டு வெளிச்செவுத்த வந்து பாருங்க. வெறும் சிமெண்டு. அவன் பச்ச அடிக்கணும்ன்னான், இவ மஞ்சன்னா. அவளுக்குக் கல்யாணமாயி, புள்ள பொறந்து, அது பள்ளிக்கூடமும் போவுது. செவுரு இன்னும் அப்பிடியேதான் நிக்குது. பெயிண்டுலயே ஒத்துக்காததுங்க பத்திரத்துல வந்து ஒத்துக்கப் போவுதுங்களா?

— சரி விடுங்க. அதுக்குத்தான் மாற்று முகவர்னு ஒருத்தரப் போடறது. இவங்கள்ல ஒருத்தரால வர முடியலன்னா அந்த எடத்துல அவர் நிப்பார். உங்க மைன்ஸ் பாஷையில சொன்னா ரிலீவர். அம்மா அதுக்கும் ஒரு பேர் சொல்லியிருக்காங்க. சேத்தியாத்தோப்பு வெள்ளைச்சாமி.

— அது இவ தம்பி. அவன ரிலீவரா நம்பி உக்காந்தா ஷிப்டுக்குப் போனவன் கெழவனாயித்தான் வூடு திரும்புவான். கறவ மாடு வாங்கறன் வாங்கறன்னு எத்தினி வருசமா சந்தைக்குப் போயிக்கினு இருக்கறான் தெரியுமா சார்? இன்னிக்கி வரைக்கும் கயிறு மட்டும்தான் வாங்கியிருக்கறான்.

— எந்தம்பி நிதானக்காரன். அதுல என்னா தப்பு.

— கையெழுத்துப் போடுறான்னா பேனாவுக்கு நல்ல நேரம் பாத்துக்கினு நிப்பான். அதுக்குப் பேரு நிதானமா கஸ்தூரி?

— அம்மா, அண்ணாச்சி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஒத்துப்போகாத ரெண்டு பேரு, நகராத ஒருத்தரு. இப்படி ஒரு பவர என் சர்வீஸ்ல நான் எழுதினதில்ல. இத வச்சு ஒரு துரும்பக்கூட அசைக்க முடியாது. இன்னொண்ணும் சொல்லிடறேன், பவர் எழுதிக் கொடுத்தவங்க இருக்கற வரைக்கும்தான் செல்லும். நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா...

— நல்ல வார்த்த சொல்லுங்க சார்.

— சட்டத்தச் சொன்னேன் அண்ணாச்சி, கோவிச்சுக்காதீங்க. பேசாம இவர் ஒருத்தர் பேர மட்டும் போடுங்கம்மா. ஒரே கையெழுத்து, வேல முடிஞ்சுது.

— அவரு வேணாம்.

— பாத்தீங்களா, எப்பிடி வெட்டிப் பேசறா பாருங்க. காலம் பூரா மைன்ஸ் காண்ட்ராக்ட்ல, நெலக்கரி ஓடற பெல்ட்டுக்கடியில பூந்து கரி வாரினன் சார். குடிச்சனா, சீட்டாடுனனா? சம்பளத்த அப்பிடியே கொண்டாந்து இவ கையில குடுத்தன். அதுலதான் அந்த வூடு வந்துது. எம்பேருல வேணாம், அவ பேருலயே இருக்கட்டும்னு சொன்னவனும் நான்தான். இப்ப மச்சினன் மேல இருக்கற நம்பிக்ககூட எம்மேல இல்லாம பூடுச்சி.

— மனசுல வேற ஏதாவது யோசன இருக்காம்மா? அப்படின்னா விக்கற அதிகாரத்த மட்டும் எடுத்துடறேன். வரி, வாடக இதெல்லாம் அண்ணாச்சி பாத்துக்கட்டும். விக்கறதையும் சேருங்கன்னு நேத்து இவர்தான் தனியா வந்து சொல்லிட்டுப் போனார்.

— அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது சார். இருந்தா இருந்துட்டுப் போவுது.

— அத எடுக்காதீங்க சார். எடுத்தா, விக்கறதுக்குன்னு இவரு வேற ஒரு பேப்பரத் தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே வந்துடுவாரு. வலியில நானும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவன்.

— எதுக்கு வரணும் நானு? உன் வூட்ட முழுங்கவா போறன்?

— ஏங்க, பெல்ட்ட நிறுத்தி வேல செய்யறப்ப சுவிச்சுல ஆளுக்கொரு பூட்டு மாட்டுவோம்னு சொல்லுவீங்களே, அது எதுக்குன்னு சாருக்குச் சொல்லுங்க.

— பேச்ச மாத்தாத.

— சொல்லுங்க.

— உள்ள ஆளு இருக்கறப்ப அவசரப்பட்டு எவனும் சுவிச்சப் போட்டுடக் கூடாதுன்னு சார். அவனவன் வெளிய வந்து அவனவன் பூட்டத் தொறந்தாதான் பெல்ட்டு ஓடும். ஒரு பூட்டு இருந்தாலும் ஓடாது. அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?

— புரோக்கரு சிங்காரவேலு டேப்பு புடிச்சி வூட்ட அளந்துக்கினு போனத நான் கொல்லையில இருந்து பாத்துக்கினுதான் இருந்தன். ஆபரேசனுக்கு காப்பீட்டு அட்ட இருக்குது, அதுக்கு மேல ஏதாவது செலவு இழுத்துதுன்னா, என்னப் பொழைக்க வக்கறன்னு நீங்க ஒரே நாள்ல வூட்ட வித்துப்புடுவீங்க. வித்தும் நான் பொழைக்கலன்னா எங்க போயிப் படுப்பீங்க? உள்ள இருக்கற ஆளு நீங்கதாங்க.