எழுபத்தேழில் முடியும் எண்

வயது 36. தொழில், இணையதளங்களுக்கு இணைப்பு சேர்ப்பது. என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை இந்தத் தாளின் தலைப்பில் எழுதியுள்ளபடி சரி. மேற்படி விலாசத்தில் மாடிப் போர்ஷனில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். மூன்று வயதுப் பெண் குழந்தை குழாய் அடைப்பு நீக்கும் திரவத்தைக் குடித்துவிட்ட வழக்கில், தொலைபேசியில் முதலுதவி சொன்ன டாக்டர் என்று என்னைச் சாட்சியாக அழைத்திருந்தீர்கள். நான் டாக்டர் இல்லை. பதட்டத்தில் நான்கு முறை தவறான எண்ணை அழுத்தி ஒன்பது நிமிடத்தை வீணாக்கிவிட்டதாகக் குழந்தையின் தாய் எழுதிக் கொடுத்திருப்பதாகவும் அறிந்தேன். அது நடந்ததல்ல. அந்த ஒன்பது நிமிடம் யாருடைய கணக்கில் சேர வேண்டும் என்பதைச் சொல்லவே, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

என் தொழில் என்னவென்று விளங்கவில்லை என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். ஒரு இணையதளத்தை வேறு தளங்கள் எவ்வளவு கைகாட்டுகின்றனவோ, அவ்வளவுக்கு அது தேடுகிறவர்கள் கண்ணில் முதலில் படும். அந்தக் கைகாட்டலுக்குத்தான் லிங்க் என்று பெயர். கைகாட்ட வைப்பது என் வேலை. "அப்ப சிபாரிசு பிடிக்கற வேலைன்னு சொல்லுங்க" என்று அதிகாரி சொன்னார். ஆம், அதேதான். டயர் கடைக்கு மேல்மாடியில் ஆறு பேர் வேலை செய்யும் எங்கள் அலுவலகத்தில் என்னை லிங்க் அண்ணன் என்று கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு அறுபது பேருக்கு, தங்கள் கட்டுரை மிக அருமை, எங்கள் பக்கத்தையும் அதில் ஒரு வரி சேர்த்தால் வாசகர்களுக்குப் பயனாக இருக்கும் என்று மெயில் அனுப்புவேன். அந்தக் கட்டுரைகளை நான் படித்தது கிடையாது. ஐம்பத்தெட்டு பேர் பதில் போட மாட்டார்கள். ஒருவர் பார்க்கலாம் என்பார். ஒருவர் திட்டுவார்.

குழாய் அடைப்பு நீக்கும் திரவம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று நான்கு மாதங்களுக்கு முன் எங்களிடம் வந்தது. தேடினால் அவர்கள் தளம் ஐந்தாம் பக்கத்தில் கிடந்தது. இரண்டு மாதம் மெயில் அனுப்பியும் அது அசையவில்லை. அதன் பின்பு முதலாளி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "ஊர் பூரா கையேந்தினது போதும். நல்ல பேரோட இருந்து ஆளில்லாமப் போன வீடு ஒண்ணு பிடி, நாம குடி போயிடலாம்" என்றார். அதாவது, நடத்தியவர்கள் புதுப்பிக்காமல் விட்ட இணையதள முகவரியை நாம் பதிவு செய்துகொண்டால், அதற்கு முன்பு கைகாட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும், ஆள் மாறியது தெரியாமல், தொடர்ந்து நம்மைக் கைகாட்டிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தொழிலில் இது வழக்கமாகச் செய்வது.

அப்படித் தேடியதில் ஒரு தளம் கிடைத்தது. வீட்டில் குழந்தைகள் விஷப்பொருள் எதையாவது விழுங்கிவிட்டால் முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்று வயதான டாக்டர் ஒருவர் அறுபத்து நான்கு பக்கங்களில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும், ஒரு பெரிய மருத்துவமனையில் இரவு பகலாக ஆள் இருக்கும் விஷ முறிவுப் பிரிவின் எண்ணைக் கொடுத்திருந்தார். அவர் இறந்த பின்பு வீட்டார் முகவரியைப் புதுப்பிக்கவில்லை. பள்ளிகள், குழந்தைக் காப்பகங்கள், நூலகங்கள் என்று இருநூற்றுப் பன்னிரண்டு தளங்கள் அதைக் கைகாட்டிக்கொண்டிருந்தன. எண்ணிக்கையைப் பார்த்து முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அத்தனை லிங்க்கை நான் பத்து வருடம் மெயில் அனுப்பினாலும் வாங்கியிருக்க முடியாது.

அதன் பின்பு முகவரியைப் பதிவு செய்து, டாக்டரின் பழைய பக்கங்களை இணையத்தின் பழைய சேமிப்பிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றி, ஒவ்வொன்றின் அடியிலும் கம்பெனியின் தளத்துக்கு ஒரு லிங்க் வைத்தேன். விஷத்தைப் பற்றிய பக்கத்தில் விஷம் விற்கிறவனுக்கு லிங்க் வைக்கிறோமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பக்கத்து மேஜையில் கட்டுரை எழுதும் டீச்சருக்குத் தோன்றியது. அவர் முன்பு பள்ளியில் வேலை பார்த்தவர், அதனால் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம். "இதெல்லாம் யாராவது நெசமாவே படிப்பாங்களே" என்றார். "ஆளுங்க படிக்க இல்ல டீச்சர், தேடற மிஷின் படிக்க" என்று நான் சொன்னேன்.

கம்பெனியின் தளம் ஆறு வாரத்தில் ஐந்தாம் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வந்தது. அதன் பின்பு கம்பெனிக்காரர்கள், லிங்க் இருக்கட்டும், அந்தத் தளத்திலிருந்து ஆட்கள் எங்களைக் கூப்பிடுவார்களா என்று கேட்டார்கள். முதலாளி புது சிம் ஒன்று வாங்கி ஒரு பழைய போனில் போட்டு என் மேஜையில் வைத்து, டாக்டர் தளத்தில் உள்ள எண்ணை எடுத்துவிட்டு இந்த எண்ணைப் போடச் சொன்னார். அது எழுபத்தேழில் முடியும். "ஒரு வாரம் பாப்போம். எடுக்காத, எத்தன தடவ அடிக்குதுன்னு மட்டும் எண்ணு. எடுத்தா பேச ஆள் போடணும்" என்றார். நான் பழைய எண்ணைத் தேடி, எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் புது எண்ணாக மாற்று என்று ஒரே கட்டளை கொடுத்தேன். அறுபத்து நான்கு பக்கங்களிலும் மாறிவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாற்றிய பக்கங்களில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

முதல் இரண்டு நாள் யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் புதன்கிழமை மதியம் 3.12க்கு அந்தப் போன் முதல் முறையாக அடித்தது. வீட்டுத் தொலைபேசி எண் ஒன்று தெரிந்தது. நின்ற பின்பு, வெள்ளைத் தாளில் நேரத்தை எழுதி ஒரு கோடு போட்டேன். 3.14க்கு மறுபடி அடித்தது, இன்னொரு கோடு போட்டேன். அதே எண் என்பதைப் பார்த்தேன். ஒரே ஆள் என்றால் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும், ஆனாலும் இரண்டாக எண்ணினேன். 3.16க்கு மூன்றாவது முறை அடித்தபோது முதலாளி அறையிலிருந்து வெளியே வந்து, "பரவால்லயே, லிங்க் அண்ணன் காட்டுல மழை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நான்காவது முறை 3.19க்கு. அது நீண்ட நேரம் அடித்தது. டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஒரே ஆள் இத்தன தடவ கூப்பிடறாங்கன்னா ஏதோ அவசரம். எடுங்களேன்" என்றார். "எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரே" என்றேன். போன் நின்றது. நான்காவது கோடு போட்டேன். அந்தத் தாளை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

3.21க்கு ஐந்தாவது முறை அடித்தது. நான் எடுக்கவில்லை. டீச்சர் எழுந்து வந்து பொத்தானை அழுத்தி என் காதில் வைத்தார். எடுத்தது நான் என்று எழுதப்பட்டிருந்தால் அதையும் திருத்திக்கொள்ளக் கேட்கிறேன்.

ஒரு பெண் பேசினார். கத்தவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "டாக்டர், கெடச்சீங்களா. பாப்பா பைப்புக்கு ஊத்தறதக் குடிச்சிட்டா. வாயெல்லாம் செவந்து கெடக்கு. வாந்தி எடுக்க வைக்கச் சொல்றாங்க அத்தை, உப்புத் தண்ணி கரைச்சு வாய்கிட்ட வச்சிருக்காங்க. குடுக்கட்டுமா" என்றார். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது, தொண்டைக்குள்ளிருந்து காற்று மட்டும் வந்தது. கொடு என்பதா கொடுக்காதே என்பதா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் பயமாக இருந்தது. "ஒரு நிமிஷம்மா, கொஞ்சம் குடுக்காம இருங்க" என்றேன். அதன் பின்பு கம்ப்யூட்டரில் டாக்டரின் பக்கங்களைத் தேடினேன். நானே ஏற்றிய பக்கங்கள், எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பூச்சி மருந்து வந்தது, மண்ணெண்ணெய் வந்தது. டீச்சர் என் கையைத் தள்ளிவிட்டு, சரியான பக்கத்தைத் திறந்து விரலால் காட்டினார். நான் அதைப் போனில் படித்துக் காட்டினேன். வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, போன வழியெல்லாம் வெந்திருக்கும், திரும்பி வரும்போது இன்னொரு முறை வேகும், வாயை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தப் பெண், "கூடாதாம் அத்தை, டம்ளர கீழ வைங்க, வைங்கன்னு சொல்றேன்ல" என்று சொல்வது கேட்டது. அதன் பின்பு யாரோ கார் வந்துவிட்டது என்று கூப்பிட, இணைப்பு துண்டிக்கப்பட்டது. நான் டாக்டர் இல்லை என்று அந்த நேரத்தில் சொல்லவில்லை.

நடந்ததை அறிந்ததும் முதலாளி என் தோளைத் தட்டி, "ஒரு உயிரக் காப்பாத்தியிருக்க. இத அப்படியே கட்டுரையா எழுதிப் பத்திரிகைக்கெல்லாம் அனுப்பினா எத்தன பேர் லிங்க் குடுப்பாங்க தெரியுமா" என்றார். டீச்சர் தன்னால் எழுத முடியாது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், அதன் பின்பு வேலைக்கு வரவில்லை. நான் அன்று மாலையே அறுபத்து நான்கு பக்கங்களிலும் மருத்துவமனையின் பழைய எண்ணைத் திரும்பப் போட்டேன். செய்த தவறைச் சரி செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் முதலாளி அந்தச் சிம்மை எடுத்துக்கொண்டு, கோடு போட்ட தாளைக் கிழித்துப் போடச் சொன்னார். கிழித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

கட்டுரையை முதலாளியே எழுதி அனுப்பினார். போனில் முதலுதவி சொன்னவர் எங்கள் டாக்டர் என்று அதில் போட்டிருந்தார். அது ஒரு பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்து அந்த வீட்டார் அலுவலகத்துக்குப் போன் செய்து, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். முதலாளி என்னைப் போகச் சொன்னார். போகாமல் இருந்திருக்கலாம். குழந்தை எப்படி இருக்கிறது என்று தெரியாமல் ஒன்பது நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, அதனால் போனேன்.

மருத்துவமனையில் குழந்தை படுத்திருந்தது. வயிற்றில் குழாய் வைத்து அதன் வழியாகப் பால் போய்க்கொண்டிருந்தது. உணவுக்குழாய் சுருங்கிவிட்டதாகவும், இன்னும் பல முறை மயக்க மருந்து கொடுத்து விரிக்க வேண்டியிருக்கும் என்றும் குழந்தையின் தகப்பனார் சொன்னார். ஒன்பது நிமிடம் முன்னதாகக் கொண்டு வந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காதா என்று கேட்டதற்கு, உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். குழந்தையின் அம்மா சுவரோரம் நின்றிருந்தார். குழந்தையை விடும் காப்பகத்தின் தளத்தில் இருந்த லிங்க்கைத் தொட்டு டாக்டரின் பக்கத்துக்குப் போனதாகவும், கைப்பேசியில் அந்தப் பக்கம் திறந்திருந்ததால், அதைப் பார்த்து வீட்டுத் தொலைபேசியில் எண்ணை அழுத்தியதாகவும் சொன்னார். மாமியார் குறுக்கிட்டு, "வெஷ டாக்டர் போன எடுக்காம இருப்பாரா? இவதான் பதட்டத்துல எவன் வீட்டு நம்பருக்கோ அடிச்சிருக்கா" என்றார். அந்த அம்மா, "எழுபத்தேழுன்னுதான் முடிஞ்சுது, எனக்கு ஞாபகம் இருக்கு" என்று மெல்லச் சொன்னார். உடனே தகப்பனார் தன் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து எல்லோருக்கும் தெரியும்படி நீட்டி, "இதுல எங்கடி இருக்கு எழுபத்தேழு? டாக்டருக்கே காட்டு" என்றார். நான் திரும்பப் போட்ட எண்தான் அதில் இருந்தது. அந்த அம்மா அதை ஒரு முறை பார்த்தார். இப்போதெல்லாம் யாருக்காவது போன் செய்ய வேண்டும் என்றால், எண்ணை அழுத்தித் தரும்படி வேறு யாரையாவது கேட்கிறார் என்று மாமியார் சொன்னார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வெட்கமும் பயமும் இரண்டுமாக இருந்தது. நான் கிளம்பும்போது அந்த அம்மா வார்டு வாசல் வரை வந்து, கைகூப்பி, "மன்னிச்சிடுங்க டாக்டர், உங்களப் பிடிக்கறதுக்குள்ள நேரமாக்கிட்டேன்" என்றார். நான் "பரவால்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மேல் எழுதப்படுகிறவற்றில் இதையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை, அத்தனையும் உண்மை. இதன் நகல் ஒன்றை அந்த அம்மாவுக்கு, கணவரும் மாமியாரும் உடன் இருக்கும்போது, சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டு, கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)