மிச்ச எண்ணெய்

தேங்காய் எண்ணெயை மட்டும் போட்டுச் சோப்பு செய்தால் நுரை பொங்கிக்கொண்டு வரும். ஆனால் குளித்துவிட்டு வந்ததும் தோல் வறண்டு இழுக்கும். உங்கள் கை அப்படித்தான் இருக்கிறது மேடம், தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் பேனாவை எடுத்தபோது விரல் முட்டிகளில் வெள்ளை பூத்திருந்ததைப் பார்த்தேன். வெளியே கை கழுவுமிடத்தில் கிடக்கும் அந்தப் பச்சைச் சோப்பைப் போட்டால் வேறு எப்படி இருக்கும்.

சோப்பைப் பற்றித்தான் கேட்டீர்கள். அங்கிருந்தே சொல்கிறேன்.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆறவைத்து எண்ணெயில் ஊற்றிக் கடைய வேண்டும். அந்தக் காரம் எண்ணெயைத் தின்னும். இரண்டும் சரிக்குச் சரியாகத் தீர்ந்துபோனால் அழுக்குப் போகும், அவ்வளவுதான். தோலுக்கு இதமான சோப்பு வேண்டுமென்றால் காரம் தின்றது போகக் கொஞ்சம் எண்ணெய் மிஞ்ச வேண்டும். அந்த மிச்ச எண்ணெய்தான் தோலில் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். நுரைக்குத் தேங்காய், வழவழப்புக்கு விளக்கெண்ணெய், மிருதுவுக்கு நல்லெண்ணெயும் ஆலிவும், மார்கழி வந்தால் கொஞ்சம் பாதாம். எது எவ்வளவு என்பதைத் தோல் சொல்லும். நான் ஒரே ஒரு தோலிடம் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

கீர்த்தி என் ஒரே மகள். பிறந்த சில மாதத்திலேயே முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் சிவந்து, வெடித்து, நீர் கசியும். தூக்கத்தில் சொறிந்து சொறிந்து தலையணை உறையெல்லாம் ரத்தப் பொட்டாக இருக்கும். என் வீட்டுக்காரர் சண்முகவேலுக்கு உஸ்மான் ரோடு பக்கம் பாத்திரக் கடை. காலையில் போனால் இரவு வருவார். கல்யாண வீட்டில் எல்லாப் பிள்ளைகளையும் மாற்றி மாற்றித் தூக்குவார்கள். என் பிள்ளையைப் பார்த்தால் கன்னத்தைத் தொடுவதுபோல் கையைக் கொண்டுவந்து, பாதியில் தங்கள் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள். நான் அதையெல்லாம் மறக்கவில்லை.

மருந்துகள் பார்த்தாயிற்று. கடைசியில் தி. நகர் வீட்டுப் பின்கட்டில் நானே சோப்பு செய்ய ஆரம்பித்தேன். எத்தனையோ தடவை கெட்டது. ஒருமுறை திரிந்தது, ஒருமுறை மாவாக உதிர்ந்தது. ஒருநாள் சரியாக வந்தது. அதைப் போட்டுக் குளிப்பாட்டி, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவி மடியில் போட்டேன். கீர்த்தி சொறியாமல் தூங்கினாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் இருந்ததில்லை. அதன் பிறகு பள்ளிக்கூடம் முடியும்வரை அவளை நான்தான் குளிப்பாட்டினேன். பெரிய பெண்ணான பிறகுமா என்று உங்கள் கான்ஸ்டபிள் அந்தப் பக்கம் முகத்தைச் சுளிக்கிறார். முதுகில் வெடித்திருக்கும் பிள்ளை தானாக எப்படி மருந்து தடவிக்கொள்ளும்?

பிறகு அவளுக்குச் சரியாகிவிட்டது. வளர வளர இது தானாகப் போய்விடுவதுண்டு என்று டாக்டர்கள் சொல்வார்கள். எனக்கு யாரும் முன்னதாகச் சொல்லவில்லை.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் குளியலறைக் கதவை உள்ளே தாழ் போட்டாள்.

"நானே குளிச்சுக்கறேன்மா. நீங்க போய் டீ குடிங்க."

சந்தோஷமாகத்தான் சொன்னாள். உள்ளே பாட்டிலில் கடைச் சாமான் ஒன்று வைத்திருந்தாள், ஸ்ட்ராபெரி வாசனை. நான் போய் டீ குடித்தேன்.

அடுத்த தடவை சோப்பு ஊற்றியபோது எண்ணெயைக் குறைத்துக் காரத்தை மிஞ்சவிட்டேன். கைத்தவறு என்று நினைத்துவிடாதீர்கள், எனக்குக் கணக்குத் தவறாது. அதே அச்சு, அதே வெட்டிவேர் வாசனை. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. "பாட்டில் சாமானை விட்டுட்டுக் கொஞ்ச நாளைக்கு நம்ம சோப்பையே போடு" என்றேன். போட்டாள். முழங்கை மடிப்பு சிவந்தது.

"பழையபடி வந்துடுச்சும்மா" என்று வந்து என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஆறு வயதில் எப்படி நின்றாளோ அப்படியே.

"அந்தக் கடைச் சாமான் பண்ணின வேலை. உள்ள இறங்கியிருக்கும்" என்றேன். பிறகு நல்ல சோப்பைக் கொடுத்தேன், ஆறியது. அவளுக்கு இதில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. வெளியில் எதைத் தொட்டாலும் தோல் கெடும், அம்மா கை பட்டால்தான் ஆறும் என்று அவளே தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பொய் என்ன இருக்கிறது? என் கை பட்டுத்தானே ஆறியது.

அடிக்கடி செய்யவில்லை. தேவைப்பட்டபோது மட்டும். கல்லூரியில் எல்லோரும் கொடைக்கானல் கிளம்பியபோது ஒருமுறை. பெங்களூரில் வேலை கிடைத்தபோது ஒருமுறை; அது கொஞ்சம் பலமாகப் போய்விட்டது, கழுத்து வரைக்கும் ஏறிவிட்டது. "அங்க தனியா இருந்து என்னால சமாளிக்க முடியாதும்மா" என்று அவளே அந்த வேலையை வேண்டாமென்றாள். கிண்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். நான் போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எந்தத் தாயும் இவ்வளவு சுதந்திரம் கொடுத்திருக்க மாட்டாள்.

அந்தக் கம்பெனியில்தான் ஸ்ரீஹரி இருந்தான். பெண் கேட்டு வந்த அன்று நான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். இந்தத் தோலோடு வாழ்வது லேசில்லை, வெயில் ஆகாது, தூசி ஆகாது என்றேன். அவன் கேசரியைத் தின்றுகொண்டே, "தோல்தானே அத்தை, பாத்துக்கலாம்" என்றான். கல்யாணத்துக்கு முன்பே அத்தை. தோல்தானே என்கிறான். நான் அந்தத் தோலுக்காக என்னென்ன விட்டேன் என்று அவனுக்கு என்ன தெரியும்.

கல்யாணம் முடிந்து அடையாற்றில் குடிவைத்தார்கள். கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டினால் அடையாறு, இது ஒரு தூரமா என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் கேட்டார். பக்கத்தில் இருப்பவர்கள் வராமல் இருப்பதுதான் வலிக்கும். தூரத்தில் இருந்தால் டிக்கெட் கிடைக்கவில்லை என்றாவது சொல்லிக்கொள்ளலாம்.

சோப்பு செய்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். அவன் அவளை ராயப்பேட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் இஃப்ரா. சின்னப் பெண், மெதுவான குரல். எல்லாச் சோப்பையும் கொஞ்ச காலம் நிறுத்துங்கள் என்று சொல்லி ஏதோ வெள்ளைக் களிம்பும் தோலுக்கு ஒரு திரவமும் எழுதிக்கொடுத்தாளாம். கீர்த்தியின் தோல் பளபளவென்று ஆகிவிட்டது. என்னிடம் "உங்க சோப்பையும் போடறேன்மா" என்பாள்.

ஒருநாள் சொல்லாமல் அடையாறு போனேன். வீட்டில் வேலை செய்யும் அம்மாசிதான் கதவைத் திறந்தாள். நான் அனுப்பிய சோப்பெல்லாம் பால்கனியில், அவள் தரை துடைக்கும் வாளிக்குப் பக்கத்தில் கிடந்தன. அம்மாசி தன் உள்ளங்கையை என்னிடம் விரித்துக் காட்டினாள். தோல் பட்டை பட்டையாக உரிந்திருந்தது.

"இன்னா சோப்புமா இது? கீர்த்தி பாப்பா வோணாம்னு குட்த்துச்சி. தொட்டாக்கா கை எரிஞ்சிகினே கீது."

"வேற சோப்பு தாரேன், அதைப் போடு. கீர்த்திட்ட சொல்லாண்டாம், வருத்தப்படுவா" என்றேன். அடுத்த முறை நல்ல சோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கை ஆறியது. "நீ நல்லா இருக்கணும்மா" என்றாள். நான் யாரையும் புண்ணோடு விட்டவள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு கீர்த்தி உண்டானாள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு என் வீட்டுக்கே வந்தாள். அந்த மாதங்கள் பழைய மாதிரி இருந்தன. அவள் காலைப் பிடித்துவிட்டேன், தலைக்கு ஊற்றிவிட்டேன், எதற்கும் மறுக்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது. அதன் தோலைத்தான் முதலில் பார்த்தேன். முழங்கை மடிப்பைப் பிரித்து, கழுத்தைத் தூக்கி, காதுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

குழந்தையைக் குளிப்பாட்டும் வேலை எனக்கு. காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே கால்மேல் கிடத்தி ஊற்றுவேன். "பாப்பாவுக்கு இஃப்ரா டாக்டர் சொன்னதே போதும்மா" என்று கீர்த்தி ஒரு பாட்டிலைக் கொடுத்திருந்தாள். நானும் அதையேதான் போட்டேன். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

பிறகு ஸ்ரீஹரி நாள் பார்த்தான். கீர்த்தி பெட்டியை எடுத்து வைத்தாள். குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே, "அடையாறுதானேம்மா. தினமும் வாங்க, யார் வேண்டாம்னா?" என்றாள். தினமும் வாங்க என்று விருந்தாளியிடம் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் பாட்டிலை எடுக்காமல் என் சோப்பை எடுத்தேன்.

குழந்தை அழுதது. கதவுக்கு வெளியே நின்று கீர்த்தி, "ஏம்மா இப்படி அழறா?" என்றாள்.

"பிள்ளைக்குப் பசிக்கி. இந்தா முடிஞ்சிட்டு" என்றேன்.

சாயங்காலத்துக்குள் உடம்பு சிவந்துவிட்டது. கீர்த்தி அதன் கழுத்தைப் பார்த்தாள், பிறகு தன் முழங்கையைத் தடவிக்கொண்டாள். "என்னோடது இவளுக்கும் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். நான் இருக்கேன்ல என்றேன். இன்னும் கொஞ்ச மாதம் இங்கேயே இருக்கிறோம் என்றாள். நான் அத்துடன் நிறுத்தியிருப்பேன் மேடம். ஆனால் ஸ்ரீஹரி போன் செய்தான். ஸ்பீக்கரில்தான் பேசினான். "நாளைக்கே இஃப்ரா டாக்டர்ட்ட காட்டிட்டு, அப்படியே நம்ம வீட்டுக்கு வந்துடலாம்" என்றான். சரி என்றாள் கீர்த்தி. என் தோளில் சாய்ந்திருந்தவள்தான் சொன்னாள்.

அதனால் அடுத்த நாள் காலையிலும் என் சோப்பைத்தான் போட்டேன். அன்றைக்குக் குழந்தை மிகவும் துள்ளியது. முகத்தில் பட்டது. கழுவத்தான் செய்தேன்.

தோல் கொப்பளித்துவிட்டது. இடது கண்ணைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்கிறார்களாம். ஆஸ்பத்திரியில் என்னை முதல் நாள் உள்ளே விட்டார்கள். அம்மாசி குழந்தையைப் பார்க்க வந்தாள். அந்தக் கொப்பளங்களைப் பார்த்ததும் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கீர்த்தியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். நான் தடுக்கவில்லை. தடுத்தால் தப்பாகத் தெரியும்.

கீர்த்தி உடனே ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கு வந்தாள். நானும் பின்னாலேயே வந்தேன். குளியலறையில் அந்தச் சோப்பைக் கையில் எடுத்தாள். சோப்பில் காரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பது வழக்கம். சிறு பிள்ளையில் அவளுக்கு அது விளையாட்டு. தொட்டாள். தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"எனக்குமாம்மா?" என்றாள்.

அவளிடம் நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

"உனக்கு இதவிடக் கம்மியாத்தான் போட்டேன், ஏட்டி."

புகார் கொடுத்தது ஸ்ரீஹரி என்று நினைத்திருந்தேன். கீர்த்தியின் கையெழுத்தை நீங்கள்தான் காட்டினீர்கள். அவள் எப்போதுமே பிறர் பேச்சைக் கேட்பவள். என் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வர மாட்டேன் என்கிறார். அது பரவாயில்லை, அந்தப் பிள்ளை விஷயத்தில் அவர் என்றைக்கு உள்ளே வந்தார்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்களே, அதில் ஒரு தப்பு இருக்கிறது. மகள் பெட்டி கட்டுவதைப் பார்த்த ஆத்திரத்தில் செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். என் வக்கீலும் அப்படியே இருக்கட்டும் என்கிறார். சோப்பு ஆத்திரத்தில் வராது மேடம். ஊற்றி, வெட்டி, வாரக்கணக்கில் காற்றாட அடுக்கி வைத்தால்தான் பிடிக்கிற பதத்துக்கு வரும். பெட்டி கட்டிய அன்று அது தயாராக அலமாரியில் இருந்தது. அதை நான் ஊற்றியது கீர்த்தியின் வளைகாப்பு நடந்த வாரத்தில். வந்தவர்கள் விட்டுப்போன வளையல் பெட்டிகள் இன்னும் கூடத்தில் கிடந்தன. அச்சும் சிறியதாகத்தான் எடுத்தேன், குழந்தை உடம்புக்கு வசதியாக. குழந்தை பிறக்கவேயில்லை அப்போது. அதை அப்படியே எழுதுங்கள். நான் செய்தேன், தெரிந்து செய்தேன்.

வெறுத்துச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்தெல்லாம் ஒருநாள் தீர்ந்துவிடும். அதன் பிறகு அந்தத் தோலை என்ன செய்வது என்று இஃப்ராவுக்கும் தெரியாது, ஸ்ரீஹரிக்கும் தெரியாது. கீர்த்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவாள். அவள் வரும்போது கதவைத் திறக்க நான் வீட்டில் இருக்க வேண்டும். இதை மட்டும் மாஜிஸ்டிரேட்டிடம் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.