இரண்டு சர்வர், ஒரே இன்வெர்ட்டர்

தலைமையேற்றுத் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் மருத்துவர் அனிபால் அவர்களே! கண்ணில் களைப்போடும் கையில் கனிவோடும் நிற்கும் செவிலித் தாய்மார்களே! பராவோனா ஊரின் பெரியோர்களே! இரண்டாம் வரிசையில் விசிறியால் முகத்தை மறைத்துக்கொள்ளும் என் மனைவி மிரேயா அவர்களே! வணக்கம்.

நம் சிறுநீரக மருத்துவமனையின் கணினிச் சர்வர்கள் ஓராண்டாக ஓயவில்லை. ஓயாமல் ஓட என்ன வேண்டும்? ஐந்தாம் வகுப்பை அரைகுறையாய்த் தாண்டிய நான் ஐந்தே மூச்சில் சொல்கிறேன். ஒரே இனத்துச் சர்வர் இரண்டு வேண்டும். இரண்டுக்கும் எட்டும் பொதுச் சேமிப்புப் பெட்டி வேண்டும். ஒன்று படுத்தால் மற்றது அதன் வேலையையும் ஏந்த நினைவகத்தில் பாதி காலியாக இருக்க வேண்டும். வலைக்கம்பி இருவழி வேண்டும். மின்சாரம் தனித்தனியே வேண்டும்!

இந்த ஐந்தையும் எழுதிக் கொடுத்தவர் பொறியாளர் இடாலியா. மின்சாரம் கொடுத்த மாமேதை, இதோ, இந்த எலெயுத்தேரியோ.

நம் ஊர் மின்சாரம் விருந்தாளி, இன்வெர்ட்டர்தான் குடும்பத்தவர். சர்வர்களுக்கென்று வந்தவை இரண்டு. ஒன்றிலேயே இரண்டு சர்வரையும் மாட்டினேன். மற்றொன்று? சிரிக்கிறீர்கள், தெரிந்துதான் சிரிக்கிறீர்கள். காத்திருப்போர் அறைத் தொலைக்காட்சிக்கு! பேஸ்பால் இறுதியாட்டம் பாதியில் அணைந்தால் ஊர் என்னை உயிரோடு விடுமா?

"மாமா, தனித்தனியாத்தானே மாட்டினீங்க?" என்று இடாலியா கேட்டார்.

"மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தர்றியாம்மா?" என்றேன்.

ஓராண்டுக்கு முன், இறுதியாட்டத்துப் பிற்பகல். மின்சாரம் போனது. இரட்டைச் சுமை தாங்காமல் இன்வெர்ட்டர் செத்தது. இரண்டு சர்வரும் சேர்ந்தே விழுந்தன. தொலைக்காட்சி மட்டும் ஜொலித்தது. உள்ளே டயாலிசிஸ் நாற்காலியில் மிரேயா காய்ச்சலில் நடுங்கினாள். செவிலியர் பிரெதெஸ்விண்டாவின் கையில் ஊசி. கணினித் திரை இருட்டு.

"இவங்களுக்கு எந்த மருந்து ஆகாது? பேரு சொல்லுங்க."

இருபத்தாறு ஆண்டு ஒரே தலையணை. எனக்குத் தெரியவில்லை!

பல் கிடுகிடுக்க மிரேயா சொன்னாள்: "எனக்கும் பேரு வரலம்மா. அவரக் கேக்காத. எத்தன ரன்னுன்னு கேளு, சொல்லுவாரு."

ஓடினேன். ஆட்டத்தின் உச்சத்தில் மூன்று தளத்திலும் ஓட்டக்காரர் நிற்க, நாற்பது பேர் நாராசமாய்த் திட்ட, தொலைக்காட்சி ஒயரைப் பிடுங்கினேன். நூறு கிலோ இன்வெர்ட்டரைத் தோளில்... சரி, இடாலியா முறைக்கிறார், முப்பது கிலோ. சேமிப்புப் பெட்டியையும் ஒரு சர்வரையும் அதில் மாட்டினேன். தன் வேலையோடு துணையின் வேலையையும் தூக்கிக்கொண்டு எழுந்தது ஐயா, அந்த ஒற்றைச் சர்வர்! திரையில் சிவப்பெழுத்து: செஃபாசோலின் ஆகாது.

செவிலியர் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார். தட்டில் வைத்தார். அதே மருந்து.

வேறு மருந்து ஏறி, நடுக்கம் தணிந்தபின் மிரேயா கேட்டாள்: "ஆட்டம் என்னாச்சு?"

"தெரியல."

குழாய் இல்லாத கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெருமக்களே, பக்கத்தில் நிற்பதா துணை? ஒரே கயிற்றில் தொங்குவதா துணை? ஒருவர் விழும்போது மற்றவரிடம் இடமிருப்பதே துணை! செஃபாசோலின். தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், சொல்வேன். அவளுடைய மற்ற மாத்திரைகளையும் வேளையோடு சொல்வேன்.

திட்டிய நாற்பது பேருக்கும், தாங்கிய உங்களுக்கும், என்னை மன்னித்தவளுக்கும் நன்றி. வணக்கம்.