நிறுவை மெசின் கூப்பிட்ட பேர்

எனக்கு வயசு எழுபத்தி நாலு, ஏழு புள்ளைகளை வளத்தவ. ஹாலிஎல போற பஸ்ஸில் முன் சீட்டில் ரெண்டு பொம்பளைக பேசிக்கிட்டு வந்தாங்க.

"தோட்டத்துல தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மெசின் வரிசையாப் பேர் கூப்பிடுறப்ப, எங்கம்மா பேரையும் கூப்பிடுதுக்கா."

"செத்து ஆறு மாசமாச்சேடி! பேரை எடுக்கச் சொல்றதுதானே?"

"அந்த மாதிரி மெசினையே அதைச் செஞ்ச கம்பெனி கைவிட்டிருச்சாம். பழசைத் தொட ஆளில்லையாம். இன்னிக்கு லீவு, நாளைக்குப் புதுசு வருது."

"நல்லதாப் போச்சு."

"கடைசியாச்சேன்னு மனசு கேக்கலக்கா. நேத்து அம்மா பேரைக் கூப்பிட்டப்ப, 'இந்தா வந்துட்டேன்'னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! செத்தவங்களுக்கு வந்த கூப்பாட்டுக்குப் பதில் சொல்லலாமா?"

"அடுத்தது என் பேருதான் வரணும். வரவேயில்லக்கா."

அக்காக்காரி அவளை விட்டுத் தள்ளி உக்காந்தா.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை வாசிச்சுக் காட்டு. மெசினுக்குப் பதில் சொன்ன அந்தப் புள்ள பேரு மட்டும் எனக்குத் தெரியாது.