கழுகின் இறக்கையில் ஒரு பள்ளம்

வீட்டுச் சாவியை எப்போதும் ஒரே ஆணியில் மாட்டுகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. என் மனைவி ரூபி அப்படிப்பட்டவள். மத்திகிரியில் நாங்கள் குடியேறிய நாளிலிருந்து சமையலறைக் கதவை ஒட்டியிருக்கும் ஆணிதான் சாவிக்கு. கரண்ட் போனாலும் தடவாமல் கையை நீட்டி எடுத்துவிடுவாள். இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை.

காசு விஷயத்துக்கு வருகிறேன். ரூபியின் அப்பா சாமுவேல் பிலாய் இரும்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். அங்கே வேலை பார்த்த ரஷ்ய என்ஜினீயர் ஒருவர் ஊர் திரும்பும்போது ஞாபகமாக இருக்கட்டும் என்று ஒரு செம்புக் காசு கொடுத்துவிட்டுப் போனார். ரஷ்ய மகாராணி ஒருத்தி காலத்து ஐந்து கோபெக். உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும், நல்ல கனம். ஒரு பக்கம் இரட்டைத்தலைக் கழுகு. கழுகின் இடது இறக்கையில் ஒரு சின்னப் பள்ளம். ஐந்து வயதில் ரூபி ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தது அது. “றெக்கையில ஓட்ட போட்டுட்டா பறக்காம நம்ம வூட்டுலயே இருக்கும்னு நெனச்சனுங்க” என்று எத்தனையோ தரம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

எனக்கு மூக்கண்டப்பள்ளியில் ஒரு பிரஸ் ஷாப். கம்பெனிகளுக்கு வாஷர் அடித்துக் கொடுப்பது தொழில். முப்பது வருடம் அடித்திருக்கிறேன். வாஷரைக் கையில் எடுத்துப் பார்த்து யாரும் ரசிப்பதில்லை. பெங்களூரிலிருந்து பிரதாப் என்ற பழங்காசு வியாபாரி, யாரோ சொல்லக் கேட்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். மாமனாரின் காசைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அந்த நாணயச்சாலையில் அந்த வருடம் அடித்தது அபூர்வம் என்று சொல்லும்போது அவர் கை நடுங்கியது. நான் செய்த எந்தப் பொருளைத் தொட்டும் யாருக்கும் கை நடுங்கியதில்லை. அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பொறாமை என்றே எழுதிக்கொள்ளலாம்.

ரூபி விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் அவளுக்குத் தெரியாமல் பிரதாப்புக்கு விற்றேன்.

பீரோவில் காசு இல்லையென்றால் தேடுவாளே. அதற்காக, கொடுப்பதற்கு முன்னால் அதை வைத்து டை, அதாவது காசு அடிக்கும் அச்சு, செய்து செம்பில் ஒன்று அடித்து வைத்தேன். புதுச் செம்பு பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும். மத்திகிரியில் மாட்டுப்பண்ணை இருக்க எருவுக்கா பஞ்சம்? கொஞ்ச காலம் எருவில் புதைத்து எடுத்தேன், நூறு வருடம் பார்த்த நிறம் வந்துவிட்டது. பள்ளத்தையும் விடாமல் டையில் கொண்டுவந்திருந்தேன். ரூபி அதை எடுத்தாள், கட்டைவிரலால் பள்ளத்தைத் தடவினாள், திரும்ப வைத்துவிட்டுப் பருப்பு தாளிக்கப் போனாள். அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அப்படிப்பட்ட டையைத் தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்? இன்னும் சில அடித்தேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர் ஏலத்துக்கு, ஒவ்வொரு ஆள் மூலமாகப் போனது. பழைய காசில் பள்ளம் இருப்பது அதிசயமில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. பிரதாப் மட்டும் போன் செய்தார். “ஏன் சார், அதே காசு இன்னொண்ணு ஏலத்துல வந்திருக்கே?” என்றார். மாமனார் கொண்டுவந்தது ஏழு என்று சொன்னேன். “ஹௌதா?” என்று, அப்படியா என்பதைக் கன்னடத்தில் இழுத்தார். அந்த இழுப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

சர்ச்சில் வைத்துச் சொன்னால் நம்புவார் என்று நினைத்தேன். எங்கள் சபையில் நான் பொருளாளர். அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காய், சேவல், வீட்டில் செய்த கேக் என்று ஆளாளுக்குக் காணிக்கை கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம் விடுவோம். நான் ஒரு காசைக் காணிக்கையாக வைத்து, பிரதாப்பையும் வரச்சொல்லியிருந்தேன். என்னிடம் வாங்கியதை அவர் அதற்குள் கைமாற்றிவிட்டிருந்தார், பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. “பிலாயிலிருந்து சாமுவேல் ஐயா கொண்டுவந்த ஏழு ரஷ்யக் காசில் இது ஒன்று” என்று மைக்கில் அறிவித்தார்கள். பிரதாப் கையைத் தூக்கினார்.

பெண்கள் பக்கத்திலிருந்து ரூபி எழுந்துவிட்டாள். “ஏழுங்களா? எங்கப்பா ஒண்ணுதானுங்க கொண்டாந்தாரு. அதும் எங்கூட்டு பீரோல இருக்குது” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைத் திருத்துவது போலத்தான் சொன்னாள்.

பிரதாப்பின் கை இறங்கியது. நான் அவர் பக்கம் குனிந்து, ஆனால் நாலு பேருக்குக் கேட்கும்படியாக, “பாவம், கொஞ்ச நாளாவே அவளுக்கு ஞாபகம் செரியில்லீங்க” என்றேன். சத்தியமாக அதை நான் திட்டமிடவில்லை. வாயில் வந்தது. பிரதாப்பின் முகம் இளகிவிட்டது. “என் அம்மாவுக்கும் இப்படித்தான் சார்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கையைத் தூக்கினார்.

சர்ச்சில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதோடு விடமாட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பாஸ்டர் ரூபியின் பெயரைச் சொல்லி, ஞாபகசக்திக்காக ஜெபித்தார். பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அவளிடம் மெதுவாக, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு தைரியம் சொன்னார்கள். “எனக்கென்னங்க ஆச்சு? நான் நல்லாத்தானே இருக்கறேன்?” என்று ரூபி என்னைக் கேட்டாள். இத்தனை பேர் நம்பிக்கையை நான் பொய்யாக்கக் கூடாதே.

அதனால் சாவியை ஆணியிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைத்தேன். நாள் முழுக்கத் தேடினாள். பிறகு நானே ஃப்ரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன், திட்டவில்லை. அவள் குழம்பில் உப்புப் போட்டுவிட்டு நகர்ந்ததும் இன்னொரு கை போட்டேன், அதை முகம் சுளிக்காமல் சாப்பிட்டேன். பீரோவில் இரண்டாவது காசு ஒன்றையும் வைத்தேன்.

“என்னங்க, இது ரெண்டா இருக்குது” என்று ஓடிவந்தாள்.

“ஏழு இருந்துச்சு ரூபி. மீதிய விக்கச் சொல்லி நீதான எடுத்துக் குடுத்த.”

“நானா?”

“நீதாம்மா.”

கட்டிலில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தாள். இரண்டிலும் அவள் அடித்த பள்ளம் இருந்தது. அழவில்லை. “அப்ப நெசமாவே எனக்கு என்னமோ ஆயிடுச்சுங்க” என்று என் தோளில் சாய்ந்துகொண்டாள். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சாய்ந்தது குறைவு. எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு கணக்கு, ஒரு சொந்த அபிப்பிராயம் உண்டு. அன்று எனக்கு அவள் மேல் வந்த பிரியத்தை எழுதிக்காட்ட முடியாது.

டாக்டரிடமும் நான்தான் அழைத்துப்போனேன். சாவியையும் உப்பையும் பற்றிச் சொன்னேன். இன்று என்ன கிழமை என்று டாக்டர் கேட்டபோது, அவளுக்குத் தெரிந்திருந்தும், பதில் சொல்லுமுன் என் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் அதையும் கவனித்தார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிட்டால் தூக்கம் தூக்கமாக வரும், மறதியும் கொஞ்சம் வருமாம். கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் லிபியா, “அம்மாவ எப்பிடிப்பா தனியாப் பாத்துக்கறீங்க?” என்று போனில் அழுதாள். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டேன். பாட்டுக்குழுவில் எந்தக் கீர்த்தனையையும் புத்தகம் இல்லாமல் பாடுகிறவள் ரூபி. இப்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பக்கத்தில் இருப்பவர் பக்கத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

மாட்டிக்கொண்ட கதை உங்களுக்கே தெரியும். வாங்கியவர்களில் இருவர் எங்கோ சந்தித்து, காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே இறக்கை, ஒரே இடம், ஒரே ஆழம். அச்சில் வரும் கழுகு எல்லாக் காசிலும் ஒன்றாக இருக்கலாம், ஆணியில் அடித்த பள்ளம் இருக்க முடியாது. பிரதாப் புகார் கொடுத்தார், எங்கள் பீரோவிலிருந்த இரண்டையும் சேர்த்து நீங்கள் தேடி எடுத்தது ஏழு. நான் சொன்ன எண்ணே அமைந்துபோனது வேடிக்கைதான். அதில் ஒன்று அசல். மற்ற ஆறையும் நான் அடித்தேன், பீரோவில் வைத்த இரண்டு போக மீதியைத் தெரிந்தே விற்றேன். அதை ஒப்புக்கொள்கிறேன். டை ஷாப்பில் பழைய கிரீஸ் டப்பாவுக்குள் இருக்கிறது.

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்து, உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி என்று ரூபியைக் கூப்பிட்டு ஏழையும் மேசையில் பரப்பினீர்கள். உங்கப்பா எத்தனை கொண்டுவந்தார், பயப்படாமல் சொல்லுங்கள் என்றீர்கள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அவள் ஒவ்வொரு காசாக எடுத்துப் பள்ளத்தைத் தடவினாள். ஏழாவதை வைத்துவிட்டு உங்களைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“சின்னப் புள்ளையில ஏழுலயும் நாந்தானுங்க சார் அடிச்சிருக்கறேன். எல்லாத்துலயும் ஒரே எடத்துல அடிச்சு வச்சிருக்கறேன் பாருங்க. எனக்குத்தான் நெனப்பில்ல. அவர ஒண்ணும் பண்ணிராதீங்க, அவுரு இல்லன்னா எனக்குக் கெழமகூடத் தெரியாது.”

நீங்கள் அதை எழுதிக்கொள்ளாமல் பேனாவை மூடிவிட்டீர்கள். என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள், அது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அவள் சொன்னதையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ரூபி தன் வாழ்நாளில் ஒரு பொய் சொன்னவள் இல்லை.

இப்படிக்கு,
ஜான்பீட்டர்