மரியாதை குறையாத ஊர்

வறுத்த மல்லாட்டை தின்றால் கூடவே ஒரு துண்டு வெல்லம் கடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பித்தம். உங்கள் ஏட்டையா மேசைமேல் கடலைப் பொட்டலம் பிரித்து வைத்திருக்கிறார், அதனால் சொல்கிறேன். கோடையில் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஐயா.

சவுரிராயன் எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்கு விளங்கும். என் பெயர் விருத்தாசலம். பிரம்மதேசம் தாண்டி எங்கள் ஊர். தாத்தா காலத்து நிலம், சொந்தக் கிணறு, பம்பு செட்டு. ஊரில் நான் ஒன்று சொன்னால் தட்டமாட்டார்கள்.

எல்லாம் போன வருஷம், எண்பத்து நாலில், என் மச்சான் சக்கரபாணியால் வந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் சீட்டுக்குத் துண்டு போட்ட தகராறில் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டிவிட்டான். திட்டு வாங்கியவர் கவர்மென்ட் உத்தியோகஸ்தர். விடுவாரா? மச்சான் லாக்கப்பில். நான் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்க மச்சான் ரெண்டு அடி அடிச்சிருந்தாகூட எதனா சொல்லி சமாளிப்பேங்க. வாய உட்டுட்டாரே. பஸ் ஸ்டாண்டே கேட்டுக்கினு நின்னுருக்குது" என்றார்.

திண்டிவனம் வந்து இறங்கும் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கை செய்ததை யாரும் கேட்கவில்லை. வாய் சொன்னதைத்தான் கேட்கிறார்கள். காலம் மாறிவிட்டது, நாமும் மாறவேண்டியதுதான் என்று முடிவு கட்டினேன்.

மறுநாளே மாரியம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினேன். இனிமேல் எவரும் சாதிப் பெயரை வாயில் எடுக்கக்கூடாது. கிழக்கே குடியிருப்பவர்கள் 'கிழக்குத் தெரு அன்பர்கள்'. வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் 'வாங்க, போங்க'. நொண்டி, குருடு, செவிடு எதுவும் கூடாது. அப்பாதுரை எழுந்து, "இது என்னாங்க பெரிய பேஜாரா கீது. மாட்டையாவது டேன்னு ஓட்டலாமா, கூடாதா?" என்று கேட்டான். ஊரே சிரித்தது. மாட்டுக்கு விலக்கு கொடுத்தேன்.

முதல் ஒரு மாதம் ஒரே கூத்துதான் போங்கள். தெருக்குழாயடியில் இரண்டு பெண்கள் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "உங்க வாயில மண்ணு விழங்க", "உங்க குடும்பம் வெளங்காம போவங்க" என்று சண்டை போட்டார்கள். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். டீக்கடை துரைக்கண்ணு, கிழக்குத் தெருக்காரர்களுக்காகக் கூரையில் தனியாக டம்ளர் செருகி வைத்திருப்பான். அதைக் கேட்டு வாங்கும்போது அவர்களுக்கும் கூச்சம், கொடுக்கும்போது இவனுக்கும் கூச்சம். அதற்கு 'விருந்தாளி டம்ளர்' என்று பெயர் வைத்தவன் நான்தான். கூச்சம் போயே போய்விட்டது. என் பம்பு செட்டுத் தொட்டியிலும் அப்படித்தான். அவர்கள் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கினால் நம் ஆள் மொண்டு ஊற்றுவான். முன்னே "தள்ளி நில்லு" என்பான். இப்போது "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றான். அப்பேர்ப்பட்ட மாற்றம்.

திண்டிவனத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து அரைநாள் இருந்தார். ஒரு கெட்ட வார்த்தை அவர் காதில் விழவில்லை. ஜில்லாவுக்கே முன்மாதிரி என்று எனக்கு மாலை போட்டார். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த மாலையைப் பார்த்துச் சிரித்தவள் என் சம்சாரம் அஞ்சம்மாள் மட்டும்தான். "ஊட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சாப்புல கீது. உள்ள செவுரு அதே செவுருதான்" என்றாள். அவள் எப்போதும் அப்படித்தான், எதற்கும் ஒரு குத்தல்.

சவுரிராயன் எங்கள் ஊர்ச் சாவுகளுக்குப் பறையடிப்பவர். பறை என்ற சொல்லே வேண்டாம் என்று அவருக்கு 'வித்வான்' பட்டம் கொடுத்தேன். நல்ல மனிதர். பட்டத்தைக் கேட்டு வாயெல்லாம் பல்லாக நின்றார். அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அதை நம்பிவிட்டார்.

தை மாதம் என் மாமனார் காலமானார். வித்வானுக்கு ஆள் அனுப்பினேன். வரவில்லை. நானே கிழக்குத் தெரு முனை வரைக்கும் போய்க் கூப்பிட்டேன். அவர் கைகட்டிக்கொண்டு சொன்னார். "வித்வான்னு கூப்புடுறீங்க, ரொம்ப சந்தோசங்க. வித்வான்னா இஷ்டம் இருந்தா வாசிக்கலாம், இல்லன்னா உட்டுடலாம் இல்லீங்களா? எனக்கு இனிமே சாவுக்கு அடிக்க இஷ்டமில்லீங்க."

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்க" என்றேன்.

"நான் அத பேச்சுன்னு எடுத்துக்கலீங்களே" என்றார்.

மாமனார் பறைச்சத்தம் இல்லாமல் சுடுகாடு போனார். எங்கள் வம்சத்தில் அப்படி யாரும் போனதில்லை. சக்கரபாணி பாடையைத் தூக்கிக்கொண்டே அழுதான். அழுதது அப்பாவுக்காகவா, பறைக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் ஒரு வார்த்தை தவறிப் பேசவில்லை, ஐயா.

அடுத்த வாரம் வித்வான் டீக்கடைக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். துரைக்கண்ணு கூரைப் பக்கம் கையை நீட்டியதும், "நான் என்ன விருந்தாளியாங்க? பொறந்ததுலருந்து இந்த ஊருதான். எல்லாருக்கும் குடுக்கறதுல குடுங்க" என்றார். துரைக்கண்ணு நீட்டிய கையை இறக்கினான். கொடுத்துவிட்டான். கொடுக்காமல் இருக்க அவனிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. பழைய வார்த்தைகளை எல்லாம் நான்தான் பிடுங்கிக்கொண்டேனே. அன்றைக்கே பாதிப்பேர் அந்தக் கடையில் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சித்திரையில் கிழக்குத் தெருக் கைபம்பு வறண்டது. சவுரிராயனும் அவர் மனைவி சின்னபொண்ணுவும் என் தொட்டிக்கு வந்தார்கள். குடத்தை வைத்துவிட்டு அந்தம்மா ஒதுங்கப் போனார். இவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஐயா, வெயில்ல நின்னு நின்னு எங்க பொம்பளைங்களுக்கு மயக்கம் வருது. நாளைலருந்து நாங்களே மோட்டார் போட்டு, நாங்களே புடிச்சிக்கினு போறோம். நீங்கதான் எல்லாரையும் ஒண்ணுன்னு சொல்றவராச்சே" என்றார். பின்னால் கிழக்குத் தெரு முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் நம் ஆட்கள் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "எல்லாம் நீங்க குடுத்த எடம். ரெண்டு தட்டு தட்டுனா சரியாப் பூடும், ஜல்தி ஒரு முடிவு சொல்லுங்க" என்று குதித்தார்கள். நான் ஒப்பவில்லை. அடிக்கிறவன் கை மட்டுமா வேலை செய்யும்? வாயும் சேர்ந்து வேலை செய்யும். கோபத்தில் பழைய வார்த்தையெல்லாம் வெளியே கொட்டும். ஒரு வருஷமாகக் கட்டிக் காத்த ஊர்ப் பெயர் ஒரே நாளில் நாறிப்போகும். எல்லோரையும் சமாதானப்படுத்தி, மோர் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

மறுநாள் காலையில் பம்பு செட்டுக்கு நான் மட்டும் போனேன். ஷெட்டின் இரும்புக் கதவில் கரண்டு பாயும்படி ஒயரை இழுத்துக் கட்டினேன். சின்ன வேலைதான். கட்டி முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இரண்டு நுங்கு தின்றேன்.

அவர் குடத்தோடு வந்தார். வரப்பில் நடந்து வந்த கால் ஈரம். எழுந்து நின்று, "வாங்க வித்வான். நீங்களே கதவத் தொறந்து மோட்டாரப் போட்டுக்கங்க" என்றேன்.

"நெசமாவாங்க?" என்று கேட்டார்.

"நெசமாத்தாங்க."

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்காரச் சொன்னால் ஒருவருக்கு எப்படி இருக்கும்? அப்படி ஒரு பூரிப்பு. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைப் பிடித்தார். ரொம்ப நேரம் கஷ்டப்படவில்லை. நான் கரண்டை நிறுத்தி, ஒயரைக் கழற்றி, மடியில் கட்டிக்கொண்ட பிறகுதான், "ஐயோ, ஓடியாங்க" என்று குரல் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லாம் விபத்து என்றார்கள். நல்ல சொல். யார் மனமும் புண்படாது.

அஞ்சம்மாள் களை எடுத்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லையில் இருந்திருக்கிறாள். நான் ஒயர் கட்டியதையும் பார்த்திருக்கிறாள், கழற்றியதையும் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும், "கொலகாரா" என்றாள். இந்த வீட்டில் அந்த மாதிரி வார்த்தை கூடாது என்று பொறுமையாகச் சொன்னேன். அவள் கேட்கவில்லை, மறுநாள் பஸ் ஏறி உங்களிடம் வந்துவிட்டாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. பார்த்ததைச் சொன்னாள். ஆமாம், நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள்.

முன்விரோதம் உண்டா என்று கேட்கிறீர்கள். கிடையவே கிடையாது. வித்வான் இறந்த அன்றைக்கே துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஆட்களில் அந்தத் தெருவுக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். சாவுக்கு அடிக்க ஆளில்லாமல் தெரு கம்மென்று கிடந்தது. உச்சி வெயில். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அழுதுகொண்டிருந்த சின்னபொண்ணு அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து, அடிக்குடத்தில் கிடந்ததைச் சாய்த்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

எப்படிக் குடிப்பது, நீங்களே சொல்லுங்கள். "தாகமில்லீங்கம்மா" என்று அவர் மனம் துளியும் நோகாதபடி சொல்லிவிட்டு வந்தேன்.